எண்சுவடியும் நம் இல்லமும்



முற்காலத்தே நம் காவிரி நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறார், பின்னர் எண்சுவடியை மனப்பாடஞ் செய்தனர். முழுவெண் பெருக்கல் வாய்பாட்டோடு கீழ்வாயிலக்கமும் நெல்லிலக்கமும் குழிமாற்றும் பயின்றனர். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம், 20 மா ஒரு வேலி என்பன அவர்தம் நாவிலேயே இருந்தன. மாவொன்றுக்கு 7 கலமாக 8 மாவில் விளைந்த நெல் எவ்வளவென்று வினவின், களத்திலேயே 56 கலம் என விடை கூறுவர். கணக்கறியாதானோ, அளப்பவன் சொன்னதே கணக்கென்று ஏற்றுப் போவான். அத்திண்ணைகள் எல்லார்க்கும் இடந்தந்தில என்பதையும், அங்குப் பிரம்பு மிகுதியாய் ஆண்டதென்பதையும் மறைத்தல் தகாது. அவ்விரண்டும் மீள வேண்டா.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மெட்ரிக் அளவைகள் படிப்படியாய் வந்தன. கலமும் குறுணியும் வழக்கொழிந்தன. வாய்பாட்டின் தேவை மட்டும் ஒழிந்திலது. வகுத்தற் கணக்கில் இடர்ப்படும் மாணாக்கர் பலரை யான் வகுப்பில் காண்கின்றேன். அவர் அறிவிற் குறைந்தாரல்லர். ஏழெட்டு எவ்வளவென்று தேடுவதற்குள் கணக்கின் வழியை மறந்துவிடுகின்றனர். பின்னர்த் தமக்குக் கணக்கே வாராதென நாணி ஒதுங்குகின்றனர்.

இச்சுமை தோன்றுமளவு பெரிதன்று. 10 வரையுள்ள வாய்பாட்டில் 100 பெருக்கங்கள் உள. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றேயாதலின் அவை 55 ஆகும். எளிதான ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்பவற்றின் பெருக்கங்களை நீக்கின் 21 எஞ்சும். ஒன்பதன் பெருக்கங்களில், 10 வரை, விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும்; பத்து மடங்கினின்று ஒரு மடங்கைக் கழித்தும் அவற்றைப் பெறலாம். அவற்றையும் விலக்கினால் நெட்டுருச் செய்ய வேண்டியவை 15 மட்டுமே!

பொருளுணர்ந்த பின்பே மனனம் செய்விக்க வேண்டும். ஏழேழு 49 என்றறிந்த குழந்தை, மேலும் ஓரேழைக் கூட்டி 56 என்று தானே காணட்டும். நாளைக்கு மூன்றாகக் கற்பித்து, மறுநாளும், மூன்றாம் நாளும், வாரங் கழித்தும் கேளுங்கள். வரிசையாக மட்டும் கேளாது, முன்பின்னாக மாற்றியும் வினவுங்கள். பிழைத்தால் சினவாது விடையைச் சொல்லி, சற்றுப் பொறுத்து மீண்டும் கேளுங்கள்.

திண்ணையில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்லப் பிள்ளைகள் பின்னே சொல்லினர். நாடோறும் கேட்பாரொருவர் இருந்தமையின் எண் நெஞ்சில் நின்றது. அக்கேட்போர் இன்று நம் இல்லத்திலும் இருத்தல் வேண்டும். எழுத்தறியாத பாட்டியாரும் அச்சிட்ட வாய்பாட்டைப் பிறரொருவர் கையிற் கொடுத்துப் பேரனை அருகிருத்திக் கேட்கலாம். விளக்கேற்றியபின் பத்து நிமிடம் போதும். நம் பிள்ளைகள் கணக்கை அஞ்சாதிருக்க அப்பத்து நிமிடத்தை ஈவீர்களாக என்று வேண்டி அமைகின்றேன்.