தலைச்சுற்றலுக்குத் தாயத்தா? தேகப் பயிற்சியா?

(பரமக்குடிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேசப்போவது மோட்சத்தைப் பற்றியல்ல. நம் ஒவ்வொருவர் கழுத்தின் மேலும் இருக்கிற தலையைப் பற்றியேயாகும். தலைச்சுற்றல், ஒற்றைத் தலைவலி, நடையில் தள்ளாட்டம் என்கிற இந்த மூன்றும் எட்டிப் பார்க்காத தெரு நம் ஊரில் இருக்கிறதா? வந்தவுடன் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்கிறார்கள். கண்ணேறு பட்டுவிட்டது என்கிறார்கள். விபூதி, வேப்பிலை, தாயத்து என்று கிளம்பிவிடுகிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். ஆண் பிள்ளைக்குத் தலை சுற்றினால் பித்தம். பெண் பிள்ளைக்குத் தலை சுற்றினால் பேய்! பித்தத்திற்கும் பேய்க்கும் இந்த ஆண் பெண் வித்தியாசத்தைக் கற்றுக்கொடுத்தது யார் என்று எவராவது கேட்டதுண்டா?

உண்மை என்ன? காது என்பது கேட்பதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. அதன் உட்புறத்தில், எலும்புக்குள்ளே, நீர் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்குச் சொல்லுவது அவைகளின் வேலை. அவைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பை; அந்தப் பையில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதினாலோ, தலையில் பட்ட அடியினாலோ, சில சமயம் காரணம் தெரியாமலோ, அந்தத் துகள்களில் சில கழன்று குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. அப்புறம் படுக்கையில் புரண்டாலும், பரணைப் பார்க்க அண்ணாந்தாலும், அவை உருண்டு குழலின் நீரை அசைத்துவிடும். தலை நின்ற பிறகும் "சுற்றுகிறது" என்று காது சொல்லும். "சுற்றவில்லை" என்று கண் சொல்லும். இந்த வழக்கில் மூளை திண்டாடுவதுதான் கிறுகிறுப்பு. பெரும்பாலும் ஒரு நிமிஷத்திற்குள் அடங்கிவிடும். தோழர்களே, நீங்கள் இத்தனை நாள் பயந்த பேயின் எடை ஒரு தூசி எடைகூட இல்லை!

இதை யாரும் ஞானதிருஷ்டியினால் கண்டுபிடிக்கவில்லை. வியன்னா நகரத்து ராபர்ட் பாரனி என்ற வைத்தியர், காதுக்குள் குளிர்ந்த நீரைப் பீச்சினால் தலை சுற்றிக் கண்மணி ஒரு பக்கம் துடிப்பதையும், சூடான நீரைப் பீச்சினால் மறுபக்கம் துடிப்பதையும் கவனித்தார். அதாவது, குவளைத் தண்ணீரைக் கொண்டே பேயை வரவழைத்தும் காட்டினார்! 1914-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, அவர் ருஷ்யாவில் யுத்தக் கைதியாக இருந்தார்.

பிறகு அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற காது வைத்தியர், விழுந்த துகளை வந்த வழியே திருப்பி அனுப்ப ஒரு முறை கண்டார். நோயாளியின் தலையை நோயுள்ள காதின் பக்கம் திருப்பி மல்லாக்கப் படுக்கவைத்து, சற்றுப் பொறுத்துத் தலையை மறுபக்கம் திருப்பி, பின் உடம்போடு புரட்டி, உட்கார வைப்பது. மொத்தம் சில நிமிஷ வேலை. மருந்தில்லை, கத்தியில்லை, காணிக்கையுமில்லை. அவர் சொன்னபோது மற்ற வைத்தியர்களே சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 1992-ல் அவர் வெளியிட்ட முறை இன்று உலகமெங்கும் நடக்கிறது. அநேகருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணமாகிறது. மந்திரவாதி தன் மந்திரத்தை இப்படிச் சோதனைக்கு விடுவானா?

"மந்திரித்தும் நின்றதே" என்று நீங்கள் கேட்கலாம். நிற்கத்தான் செய்யும்! சுற்றல் ஒரு நிமிஷத்தில் அடங்குகிறது. நோயும் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, பனை நிறைந்த இந்தச் சீமையில் யாருக்குத் தெரியாது? இன்னொன்றையும் யோசியுங்கள். பேயோட்டுகிறேன் என்று தலைமயிரைப் பிடித்து ஆட்டுகிறான், தலையில் அடிக்கிறான். தலையில் படும் அடியே அந்தத் துகள் கழலுவதற்கு ஒரு காரணம் என்றால், அவன் நோயை ஓட்டுகிறானா, உண்டாக்குகிறானா?

நிற்க, நடையில் தள்ளாட்டம் வேறு வகை. கண், காது, காலின் உணர்ச்சி ஆகிய மூன்றையும் கொண்டே மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். ஒன்று பழுதானால் மற்றவைகளைக் கொண்டு ஈடுகட்ட மூளைக்குக் கற்றுக்கொடுக்கலாம். கழைக்கூத்தாடிப் பெண் கயிற்றில் நடப்பது எந்தத் தெய்வத்தின் அருளால்? பழக்கத்தினால்தானே! 1940-களில் இங்கிலாந்தில், யுத்தத்தில் தலையில் அடிபட்டவர்களுக்குக் காதார்ன், குக்ஸி என்ற இருவர் இதற்கென்றே பயிற்சி வகுத்தார்கள். கண்ணை அசைப்பது, தலையை அசைப்பது, பந்தை எறிந்து பிடிப்பது, சரிவில் ஏறி இறங்குவது ஆகியவைதான் அவை. முதலில் கிறுகிறுப்பு வரும். அதற்காக மாதக்கணக்கில் படுத்துவிட்டால் மூளை கற்காது, கால் பலமும் போய்விடும். வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் குடும்பமே முறிந்துபோகிறது என்பதை மறவாதீர்கள்.

ஒற்றைத் தலைவலிக்கு வருவோம். இது மூளை நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி. வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது, வாந்தி வரும், சிலருக்குத் தலையும் சுற்றும். பயிற்சி ஒன்றே இதைத் தீர்த்துவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. கிரமமான நடையும் தூக்கமும் உணவும் துணை செய்யும். தறியில் குனிந்தே இருக்கும் நெசவாளிக்குக் கழுத்துப் பயிற்சி பிடிப்பைக் குறைக்கும். கடையில் வலி மாத்திரை வாங்கி அடிக்கடி விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வேளைக்குச் சாப்பிடாவிட்டாலும் பலருக்கு இது கிளம்பும். நம் வீட்டுப் பெண்களோ, வெள்ளிக்கிழமை விரதமிருந்து தலைவலியைத் தேடிக்கொண்டு, அது தீர வேண்டுமென்று செவ்வாய்க்கிழமையும் விரதம் நேர்ந்துகொள்கிறார்கள்! இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல. நமது ஜில்லாவிலேயே ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவர்கள் மனநோயாளிகள், நோய் வேறுதான். ஆனால் நோயைப் பேயென்று எண்ணும் புத்தி வேறா? கோயிலானாலும் தர்காவானாலும் மாதாகோவிலானாலும், வைத்தியனிடம் போகவேண்டிய காலத்தைத் தின்றுவிடுவதில் பேதமில்லை.

முடிவாக ஒரு எச்சரிக்கை. திடீரென்று தலைசுற்றி, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் விழுந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, என்றும் காணாத கடுந்தலைவலி இடிபோல் வந்தாலோ, அது பயிற்சிக்குரிய நோயல்ல. ஒரு நிமிஷமும் தாமதியாமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்களும் முதலில் டாக்டரிடம் காட்டி, எந்தக் காது, என்ன காரணம் என்று தெரிந்துகொண்டு, பிஸியோதெரபி கற்றவரிடம் பழகுங்கள். இராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீடு தேடி வந்து பிஸியோதெரபி செய்வதும் சேர்க்கப்பட்டது. நம் வரிப்பணத்தில் நடக்கும் இவைகளைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக இதையும் நம்பவேண்டாம். விசாரியுங்கள், டாக்டரைக் கேளுங்கள், சோதித்துப் பாருங்கள். ஆனால் இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு பெண் தலை சுற்றுகிறது என்று சொன்னால், அவளைப் பூசாரியின் முன்னால் உட்கார வைக்காதீர்கள். அவ்வளவு செய்தீர்களானால் நான் பேசியதற்குப் பலன் உண்டு.