முதலில் மொட்டை மாடி, அப்புறம் ஏசி

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை வருவதற்கு முன்னால் வீட்டுச் சூட்டையும் கரண்ட் பில்லையும் எப்படிக் குறைப்பது என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் இன்ஜினியர் இல்லை. மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறவன். அந்த ஒரு தகுதியோடுதான் பேசுகிறேன்.

நம் பேட்டையிலிருந்தே தொடங்கலாம். கடற்கரைச் சாலையில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை நாம் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். 1842 வாக்கில் கட்டியது. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டியெடுத்துக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். அதை இறக்கி வைக்கக் கட்டிய கிடங்கு அது. 1833-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கப்பலில் சுமார் 180 டன் ஐஸ் கிளம்பியது. நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. கரண்ட் கிடையாது, ஏசி கிடையாது. ஐஸைச் சுற்றி அடைத்த மரத்தூளும் வைக்கோலும்தான் அதைக் காப்பாற்றின. குளிர்ச்சியை யாரும் உண்டாக்கவில்லை. சூடு உள்ளே வராமல் தடுத்தார்கள், அவ்வளவுதான்.

நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ். சூட்டை உள்ளே விட்டுவிட்டு, அதைத் துரத்த மெஷின் வாங்குகிறோம். ஏசியை ‘ஒன்றரை டன்’ என்கிறோமே, அந்த டன்னும் ஐஸ் கணக்குதான். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் எவ்வளவோ, அவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் மெஷின் ஒரு டன் ஏசி.

என் கதையைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி வாங்கினேன். 18-ல் வைத்தாலும் அறை குளிரவில்லை. மெக்கானிக் வந்து கேஸ் போட்டுவிட்டுப் போனார். மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் கேஸ். மூன்றாவது தடவை வேறொரு வயதான மெக்கானிக் வந்தார். அவர் ஏசியைத் தொடவே இல்லை. ஸ்டூல் மேல் ஏறி சீலிங்கில் கையை வைத்தார். “மேலே தோசைக்கல்லை வெச்சுட்டு கீழே ஏசி போட்டா அது என்ன சார் பண்ணும்?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. மே மாத மதியத்தில் வெறும் சிமெண்ட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே விடாது. மெதுவாக வாங்கி, சாயங்காலம் தொடங்கி நாம் படுக்கப் போகிற நேரம் வரைக்கும் அறைக்குள் இறக்கும். வெளியே கடல் காற்று வீசும்போதும் உள்ளே புழுங்குவது இதனால்தான்.

இது கரண்ட் பில் விஷயம் மட்டும் இல்லை. என் அம்மாவுக்கு 82 வயது. மூட்டுவலி இருப்பதால் ஏசி ஆகாது. முந்தின வருஷம் கத்திரி வெயிலில் ஒருநாள் ராத்திரி மயங்கி விழுந்துவிட்டார். உடம்பில் நீர் வற்றியிருந்தது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தது. “வெயிலில் எங்கே போனீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். அம்மா எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார். இந்தக் குடியிருப்பில் மேல் மாடியில் வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மாட வீதிப் பக்கம் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் ‘மெட்ராஸ் டெரஸ்’ பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வாக அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். கனமான கூரை, உயரமான சீலிங், நடுவே முற்றம். முற்றத்துச் சூடான காற்று மேலே ஏற, வாசல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். நம்முடையது மாதிரியான ஃபிளாட்டில் இது ஒன்றும் இல்லை. முற்றத்தை இப்போது கட்ட முடியாது. கூரையைச் சரிசெய்ய முடியும்.

வீடுகளுக்கான எரிசக்தி விதிமுறை ஒன்றை மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்தது. ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று பெயர். கூரை வழியாகச் சூடு கடக்கும் அளவுக்கு, அதாவது யு-மதிப்புக்கு, அது வைத்த உச்ச வரம்பு 1.2. வெறும் கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பு இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தெலங்கானா அரசு 2023-ல் கூரைக்கென்றே ‘கூல் ரூஃப்’ கொள்கை கொண்டுவந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது மூன்று வகை. செலவு குறைவானது சுண்ணாம்பு அடிப்பது. மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அடுத்தது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட். சில வருஷம் நிற்கும். மூன்றாவது வெள்ளை கூலிங் டைல்ஸ். செலவு அதிகம், நீண்ட நாள் வரும். எதைச் செய்தாலும் முதலில் விரிசலையும் ஒழுகலையும் அடைக்க வேண்டும். அப்புறம் மாடியைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தூசி படிந்தால் வெள்ளையும் சூட்டை வாங்கும்.

போன வருஷம் சங்கத்தின் அனுமதியோடு என் படுக்கையறைக்கு மேலே மட்டும் சொந்தச் செலவில் பெயிண்ட் அடித்தேன். ஹாலுக்கு மேலே அடிக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு இரண்டு சீலிங்கிலும் கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஏப்ரலில் யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம். காபி உண்டு.

அடுத்தது காற்று. நமக்குக் கிழக்கே மெரினா இருக்கிறது. கோடையில் பெரும்பாலும் மதியத்தை ஒட்டிக் கடல் காற்று உள்ளே வரும். வருகிற காற்று வெளியேற எதிர்ப் பக்கத்திலும் வழி வேண்டும். ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் போதாது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடுகிறவர்கள் வலை அடித்துக்கொள்ளுங்கள். மேற்கு வெயிலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு உள்ளேயே தங்கிவிடும். ஏர் கூலர் வறண்ட ஊருக்குத்தான் சரி. நம் ஊர் ஈரத்தில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

ஏசி போடுகிற அறையில் கணக்கு மாறும். கதவுக்கு அடியில் இடைவெளி, மேலே திறந்த வென்டிலேட்டர், பைப் போகும் ஓட்டை எல்லாவற்றையும் அடையுங்கள். அந்த வழியாக ஈரக் காற்று வந்துகொண்டே இருந்தால், அதிலுள்ள தண்ணீரைப் பிழிந்து எடுக்கவே ஏசி பாதி நேரம் ஓடும். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ. ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

அடைப்பதிலும் ஓர் அளவு உண்டு. இதையும் ஐஸ் ஹவுஸே சொல்லும். ஐஸ் வியாபாரம் படுத்த பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அந்தக் கட்டடத்தை வாங்கி, ஜன்னல்கள் வைத்து வீடாக மாற்றினார். ஐஸுக்கு மூச்சுவிட வேண்டியதில்லை, மனிதர்களுக்கு வேண்டும். ராத்திரி முழுக்க மூடிய அறையை காலையில் எழுந்ததும் அரை மணி திறந்து விடுங்கள். கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மூடிய குளியலறைக்குள் அது இருக்கவே கூடாது. எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவதும் தெரியாது. உயிரே போகும்.

கரண்ட் கணக்கு கொஞ்சம். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் குறையும். 2,000 வாட் கீசரை அரை மணி போட்டால் ஒரு யூனிட். அதே ஒரு யூனிட்டில் பிஎல்டிசி ஃபேன் மூன்று ராத்திரி ஓடும். மே மாதம் மேல் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது, அப்போது கீசர் எதற்கு?

கடைசியாக, கீழ்த்தளத்தில் இருக்கும் நண்பர்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும். “மேல் மாடிக்காரர் சூட்டுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?” நியாயமான கேள்வி. மொட்டை மாடி நம் எல்லாருக்கும் பொது. பகலில் விரிந்து ராத்திரி சுருங்கும் தளம்தான் விரிசல் விடுகிறது. ஐப்பசி மழையில் அது ஒழுகினால் கம்பி துருப்பிடிப்பது மொத்தக் கட்டடத்துக்கும்தான். இன்னொன்று, என் ஏசி வெளியே தள்ளும் அனல் எங்கே போகிறது? நம் சந்து இருக்கும் அகலத்துக்கு, எதிர் வீட்டு ஜன்னலுக்கும் கீழ் வீட்டு பால்கனிக்கும்தான். என் கூரை குளிர்ந்தால் என் ஏசி குறைவாக ஓடும். உங்கள் ஜன்னலைத் திறக்க முடியும்.

ஆகவே என் கோரிக்கை இது. மாசி, பங்குனிக்குள் பராமரிப்பு நிதியிலிருந்து மாடி முழுவதற்கும் விரிசல் அடைத்து வெள்ளைப் பூச்சு அடிக்க இன்றே தீர்மானம் போடுவோம். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நிதி போதவில்லை என்றால் மேல் மாடியில் இருக்கும் நாங்கள் கூடுதல் பங்கு தரத் தயார். ஏசி வாங்க நினைத்திருப்பவர்கள் அதுவரை கொஞ்சம் பொறுங்கள். பூச்சு காய்ந்த பிறகு சீலிங்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றரை டன்னா ஒரு டன்னா என்று முடிவு செய்யலாம்.