முழங்காலில் எடுத்த முடிவுகள்



ஊழியத் தலைமையையும் ஜெபத்தையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் சபைகளில் ஜெபம் இல்லாத கூட்டம் உண்டா? கமிட்டி கூடினால் ஆரம்ப ஜெபம், கலைந்தால் முடிவு ஜெபம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? யார் பக்கம் எத்தனை கை என்று முந்தின இரவே எண்ணி முடித்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறோம். தீர்மானம் சட்டைப்பையில் தயாராக இருக்கிறது. அதற்கு ஆசீர்வாதம் மட்டும் கேட்கிறோம். என் தீர்மானத்தை மாற்ற ஆண்டவருக்கு இடம் விட்டால்தான் அது தலைவன் செய்கிற ஜெபம். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மாற்கு முதல் அதிகாரத்தைத் திருப்புங்கள். கப்பர்நகூமில் முந்தின சாயங்காலம் ஊரே வாசலில் திரண்டு நின்றது. நோயாளிகள் சுகமானார்கள். மறுநாள் இருட்டோடே எழுந்து, ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்கு இயேசு ஜெபிக்கப் போகிறார். பேதுரு தேடிப் பிடித்து, ஊர் முழுக்க உங்களைத்தான் கேட்கிறது என்று சொல்கிறார். எந்தத் தலைவனுக்கும் இனிக்கிற சேதி அல்லவா? ஆனால் அவர் அந்த வாசலுக்குத் திரும்பவில்லை, பக்கத்து ஊர்களுக்குப் புறப்படுகிறார். கைதட்டுகிற ஊரை விட்டுப் போகும் துணிவு அவருக்கு அந்த விடியற்காலை ஜெபத்தில் உறுதிப்பட்டது.

மத்தேயுவில் இன்னொன்று இருக்கிறது. ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியில், அறுப்புக்கு ஆட்களை அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்று இயேசு சீஷர்களிடம் சொல்கிறார். பத்தாம் அதிகாரத்தில் அனுப்பப்படுகிறவர்கள் யார்? ஜெபிக்கச் சொல்லப்பட்ட அதே பன்னிரண்டு பேர்!

நம் திருநெல்வேலிச் சீமையில் அப்படித் தானே புறப்பட்டுப் போன ஒருவர் இருந்தார். வெள்ளாளன்விளையில் 1874-இல், ஒரு கிராமத்துக் குருவானவரின் வீட்டில் பிறந்த வேதநாயகம் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சென்று வாலிபரைத் திரட்டியவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகவும், 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவாகவும் முன்னின்றவர். நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்று தொடங்கிய சங்கங்கள் அவை. ஆட்களை அனுப்பும் நாற்காலியிலேயே அவர் கடைசிவரை மரியாதையாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 1909-இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்னக்கலுக்கு அவரே மிஷனரியாகப் போனார். தமிழரான அவர் தெலுங்கு படித்து, ஏழை எளியவரின் குடிசைகளில் ஊழியம் செய்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அதற்கு வெள்ளையரிலும் எதிர்ப்பு இருந்தது, நம்மவரிலும் இருந்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1919-இல் தரங்கம்பாடியில் பல சபைகளின் ஊழியர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். அதில் முன்னின்றவர்களில் அசரியாவும் ஒருவர். அதன்பின் பேச்சு, தர்க்கம், குருப்பட்டம் யார் கொடுப்பது என்ற வழக்கு, மறுபடி பேச்சு. 1945 ஜனவரி முதல் தேதி அவர் கண்மூடினார். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று. தரங்கம்பாடி அழைப்பிலிருந்து இருபத்தெட்டு ஆண்டு! தன் பெயர் பொறித்த கல்வெட்டுக்காக ஓடுகிறவனால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா? தான் காணப்போகாத ஒன்றுக்காக உழைக்கிறவனுக்கு முழங்கால்தான் பலம்.

குருவானவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜெப நேரத்தில் வேதப்புத்தகத்தோடு சபையின் குடும்பப் பதிவேட்டையும் திறந்து வையுங்கள். நாளுக்குச் சில குடும்பங்கள் போதும், பெயர் சொல்லி ஜெபியுங்கள். பவுல் தம் நிருபங்களில் எத்தனை பெயர்களைச் சொல்கிறார் என்று பாருங்கள். ரோமர் பதினாறாம் அதிகாரம் முழுக்கப் பெயர்தான். அந்தப் பதிவேட்டில், போன சபைத் தேர்தலில் உங்களுக்கு எதிராக வேலை செய்தவரின் வீடும் வரும். அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். அவருடைய மகளின் படிப்புக்காகவும் அவருடைய தாயாரின் நோய்க்காகவும் ஜெபித்துவிட்டுக் கமிட்டிக்கு வந்து பாருங்கள். அவரிடம் பேசும் குரலே வேறாக இருக்கும்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை உண்டு. விடிந்தும் விடியாமலும் குருவானவர் வீட்டுக் கதவைத் தட்டி, கல்லறைத் தோட்டத்துச் சுவர்ப் பிரச்சினையையும் அசன விருந்துக் கணக்கையும் கொண்டு போகாதீர்கள். சாவு, நோய் என்றால் நடுராத்திரியிலும் தட்டுங்கள். அதற்குத்தான் அவர் இருக்கிறார். மற்றதெல்லாம் காலை பத்து மணி வரை காத்திருக்கட்டும். குருவானவர் ஜெபிக்கிற நேரத்தை நாம்தான் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். இந்த மாதக் கமிட்டியிலேயே அதை ஒரு தீர்மானமாக எழுதிவிடுங்கள்.