தேறிய குழந்தைகளையும் பார்ப்போம்



சின்னஞ்சிறு குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டுகொள்ள உதவும் எம்-சாட் வினாப்பட்டியல் 2001இல் அமெரிக்காவில் வெளிவந்தது. டயானா ராபின்ஸ் குழுவினர் அதைத் திருத்தி 2014இல் தந்த வடிவத்தில் 20 கேள்விகள். 16 முதல் 30 மாதக் குழந்தையைப் பெற்றவர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொன்னால் போதும். சில நிமிட வேலை என்பதால் பல மொழிகளுக்கு அது போயிருக்கிறது. மொழிபெயர்க்கும் முறை பற்றி இந்தக் கருத்தரங்கில் பல கட்டுரைகள் வர இருக்கின்றன. மொழிபெயர்த்து முடித்த பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதே என் கவலை.

இலங்கையில் ஹேமமாலி பெரேரா குழுவினர் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைப் பரிசோதித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆட்டிசம் தெரியவந்தது. அப்படித் தெரியவந்த குழந்தைகளில் எம்-சாட் இனங்கண்டது 25 விழுக்காட்டினரை மட்டுமே. சிறிய எண்ணிக்கைதான், அந்த விழுக்காட்டை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. ஆனால் வினாப்பட்டியலை மட்டும் நம்பாமல் வேறு வழியிலும் குழந்தைகளைப் பார்த்ததால்தான் அந்தக் குறை வெளியே வந்தது. இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அதே குழுவினர் பின்னர் கேள்விகளோடு ஒளிப்படங்களையும் காட்டித் தாயிடம் விசாரிக்கும் கருவியை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2004இலேயே ‘ஆம்’, ‘இல்லை’யை விட்டுவிட்டு, குழந்தை அதை எவ்வளவு அடிக்கடி செய்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள்.

‘ஆம்’, ‘இல்லை’ மட்டும் போதாததற்குக் காரணம் உண்டு. பிள்ளையைப் பற்றி வெளியாள் கேட்கும்போது, அதிலும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, “அதெல்லாம் நல்லாப் பண்ணுவான்” என்றுதான் ஒரு தாய் சொல்வாள். அதில் பொய் இல்லை. அன்பும் அச்சமும் இருக்கின்றன. பிள்ளை ஒரே ஒருமுறை விரலால் எதையாவது சுட்டிக்காட்டியிருந்தாலும் அவள் கணக்கில் ‘ஆம்’தான். திருத்திய வடிவத்தில் ஐயத்துக்குரிய பதில்கள் 3 முதல் 7 வரை வந்தால் மறுபடி உட்கார்ந்து விளக்கமாக விசாரிக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. ராபின்ஸ் குழுவினர் 16,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தபோது, அந்த விசாரணைக்குப் பிறகும் ஐயம் நீங்காதவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆட்டிசம் இருந்தது. பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமாவது இருந்தது. தடுப்பூசி நாளின் நெரிசலில் அந்த இரண்டாம் உரையாடலை யார் நடத்துவது? கிராம சுகாதார செவிலியருக்கு அதற்கான நேரத்தையும் பயிற்சியையும் கொடுக்காமல் தாளை மட்டும் கொடுத்தால் பாதிக் கருவியைத்தான் கொடுக்கிறோம்.

ஆய்வாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஐயத்துக்குரியவர்களை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, தேறியவர்களை வீட்டுக்கு அனுப்பும் ஆய்வு, தான் தவறவிட்ட குழந்தையை ஒருநாளும் சந்திக்காது. தேறியவர்களிலும் ஒரு பகுதியினரை நேரில் பரிசோதியுங்கள். செலவு கூடும், ஆண்டுகள் ஆகும். நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தச் செலவையும் சேர்த்து எழுதுங்கள். குறைக்கச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு வயதில் கிடைக்க வேண்டிய பயிற்சி ஐந்து வயதுவரை தள்ளிப்போனால் இழப்பு அந்தக் குழந்தைக்கு.

இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.