பென்சிலினை எங்கே வெட்டணும்?

அமாக்ஸிசிலின் மாத்திரை அட்டையைப் பார்க்காத வீடு குறைவு. ஆனா அந்த மருந்தைப் பூஞ்சை நேரடியா செய்து தர்றதில்லை. பூஞ்சை தருவது பென்சிலின் ஜி. அதை முதல்ல பிரிச்சு எடுக்கணும், அப்புறம் வெட்டணும். இன்னைக்கு இந்த ரெண்டு வேலையைப் பத்தித்தான் பேசப்போறேன்.

பெரிய தொட்டியில வளர்ந்த பூஞ்சையை வடிகட்டினா, மிஞ்சற தண்ணியில பென்சிலின் கரைஞ்சிருக்கும். அதைக் குளிரவெச்சு, அமிலம் சேர்த்து, பிஹெச் அளவை 2, 2.5-க்கு இறக்குவாங்க. உடனே பென்சிலின் தண்ணியை விட்டுட்டு, பியூட்டைல் அசிடேட் மாதிரியான கரைப்பானுக்குள்ள போயிடும். சிக்கல் என்னன்னா, அந்த அமிலமே பென்சிலினைச் சிதைக்கும். அதனால வேகமா சுத்தற மெஷின்ல ரெண்டையும் சட்டுனு பிரிச்சு, பிஹெச் 7 பக்கம் இருக்கிற தண்ணிக்கு மறுபடி கொண்டு வருவாங்க. அழுக்கு பெரும்பாலும் கரைப்பானோடயே தங்கிடும்.

இப்படித் திரும்பத் தண்ணிக்கே கொண்டுவர்ற யோசனை, 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நார்மன் ஹீட்லி சொன்னது. 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்த மருந்தைக் கொடுத்தாங்க. தேறி வந்தார். மருந்து பத்தல. அவரோட சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரிச்சு மறுபடி ஏத்தினாங்க. அதுவும் தீர்ந்துபோச்சு. மார்ச்ல இறந்துட்டார்.

சரி, வெட்டறதுக்கு வருவோம். பென்சிலினுக்கு ஒரு வளையம், ஒரு வால் இருக்குன்னு வெச்சுக்கங்க. கிருமியைக் கொல்றதுக்கு வளையம் முழுசா இருக்கணும். எந்தக் கிருமி மேல வேலை செய்யும், வயித்து அமிலத்தைத் தாங்குமா என்பதெல்லாம் வாலைப் பொறுத்தது. வாலை மட்டும் வெட்டிட்டா மிஞ்சறது 6-ஏபிஏ. அதுல வேற வாலை ஒட்டினா ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின்.

ஒரு காலத்துல இதுக்கு மைனஸ் 40 டிகிரி குளிர், பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு எல்லாம் தேவைப்பட்டது. இப்போ பென்சிலின் அசைலேஸ் என்ற நொதி போதும். அதைச் சின்னச் சின்ன மணிகள்ல பிணைச்சு, வெதுவெதுப்பான தண்ணியில விடறாங்க. முடிஞ்சதும் வடிகட்டி எடுத்து, அதே மணிகளைத் திரும்பத் திரும்ப பயன்படுத்தலாம். வெட்டின வால்கூட வீண் இல்லை. அது ஃபினைல் அசிட்டிக் அமிலம், பூஞ்சைத் தொட்டிக்கே திரும்பப் போகலாம்.

இனிமேதான் எனக்குக் கவலை தர்ற விஷயம். பென்சிலினை வெட்ட இன்னொரு நொதியும் இருக்கு, பீட்டா-லாக்டமேஸ். அது வாலைத் தொடாம வளையத்தை வெட்டும். மருந்து காலி! அதைச் செய்யறது ஃபேக்டரி இல்லை, பாக்டீரியா. இப்படி ஒரு நொதி இருக்குன்னு ஆபிரகாமும் செயினும் 1940-லேயே எழுதிட்டாங்க. அந்தப் போலீஸ்காரருக்கு மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே!

சளிக்கு, மீந்துபோன அமாக்ஸிசிலினைப் போட்டா வைரஸுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம உடம்புல இருக்கிற சாதாரண பாக்டீரியா சாகும். இந்த நொதி கையில இருக்கிறது தப்பிச்சுப் பெருகும். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தற வளையத்தை, நாமே அதுங்க கையில கொடுக்க வேண்டாம். டாக்டர் எழுதித் தராம அந்த அட்டையைப் பிரிக்காதீங்க.