சிறிய நிறுவனமும் புதிய பட்டதாரியும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற தொழில் வழிகாட்டல் நிகழ்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கணினித் துறையில் வேலைவாய்ப்பு என்ற பொருளில் பேசும்படி சங்கம் கேட்டது. அது பெரிய கடல். எனக்குத் தெரிந்த ஒரு கரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். யாழ்ப்பாண நகரில் பதினெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனத்தை நானும் இன்னொருவரும் சேர்ந்து நடத்துகிறோம். வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று புதிய பட்டதாரிகளை எடுப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் அதன் பொறியியற் பீடத்திலிருந்து வருவார்கள். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலிருந்தும், மொறட்டுவையிலிருந்தும் வருவார்கள். அவர்களை எப்படித் தெரிவுசெய்கிறோம், வந்த பிறகு எப்படி நடத்துகிறோம் என்பதே இன்றைய பேச்சு.

பெரிய நிறுவனத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆட்சேர்ப்புக்கு ஒரு பிரிவு, பயிற்சிக்கு ஒரு பிரிவு, முறைப்பாட்டுக்கு ஒரு பிரிவு. சிறிய நிறுவனத்தில் இவை ஒன்றும் கிடையாது. இங்கே ஒழுங்கு விதிகள் சுவரில் எழுதப்பட்டிருக்காது. மூத்தவர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள், வாடிக்கையாளர் கோபித்தால் யார் முன்னுக்கு நின்று பதில் சொல்கிறார், தேநீர்க் கோப்பையை யார் கழுவுகிறார் என்று புதிதாக வந்த பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்குள் அதுவும் அப்படியே நடக்கத் தொடங்கிவிடும். ஆகவே பதினெட்டுப் பேரில் ஒருவரைப் புதிதாக எடுப்பது அந்த இடத்தின் குணத்தையே கொஞ்சம் மாற்றுகிற காரியம்.

இதை எங்களுக்கு முன்பே செய்து காட்டிய ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். ஸ்டெபனி ஷேர்லி, 1933இல் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் பிறந்தவர். யூதத் தந்தையின் மகள். 1939இல், ஐந்து வயதில், பெற்றோரைப் பிரிந்து அக்காவுடன் ரயிலேறி இங்கிலாந்துக்கு அகதியாக வந்தார். அவர் படித்த பெண்கள் பாடசாலையில் அவருக்கு வேண்டிய கணிதம் கற்பிக்கப்படவில்லை. ஆண்கள் பாடசாலைக்குப் போய்த்தான் படித்தார். வேலை செய்துகொண்டே மாலை வகுப்புகளில் கணிதப் பட்டம் பெற்றார். வேலைத்தலங்களில் பெண் என்ற காரணத்தால் மேலே போக வழியில்லாதபோது, 1962இல் 6 பவுண் முதலோடு தன் சொந்த வீட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர் யாரை வேலைக்கு எடுத்தார் என்பதுதான் முக்கியம். கலியாணம் முடித்ததாலோ பிள்ளை பிறந்ததாலோ வேலையை விட்டுப்போன, நன்றாகப் படித்த பெண்களைத் தேடி எடுத்தார். முதல் முந்நூறு பேரில் மூன்று பேர்தான் ஆண்கள். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். விண்ணப்பிப்பவர்களிடம் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, “உங்களுக்குத் தொலைபேசி வசதி இருக்கிறதா?” என்பது. எத்தனை மணிக்கு வந்தாய் என்ற கணக்குக் கிடையாது. வேலை முடிந்ததா, சரியாக முடிந்ததா என்பதே கணக்கு. கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்களை அந்தப் பெண்கள்தான் எழுதினார்கள். தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராதபடியால் ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரில் கையொப்பமிட்டார். பதில் வரத் தொடங்கியது. 1975இல் பிரித்தானியாவில் பால் பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, ஆண்களையும் எடுக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது என்பது வேடிக்கையான செய்தி. நிறுவனத்தின் பங்குகளை ஊழியர்களோடு பகிர்ந்துகொண்டார். அதனால் அவர்களில் எழுபது பேர் கோடீசுவரர் ஆனார்கள்.

ஆளை எடுக்கும் முறையும் ஆளை நடத்தும் முறையும் ஒன்றேதான் என்பதை நான் அவரிடமிருந்து படித்தேன். மற்றவர்கள் தவறவிட்ட திறமையைத் தேடி எடுத்தார்; எடுத்த பிறகு நம்பினார்.

இனி எங்கள் இடத்துக்கு வருகிறேன். எங்கள் தெரிவில் இரண்டு படிகள். முதலில் அலுவலகத்துக்கு வந்து இரண்டு மணித்தியாலம் ஒரு சின்ன வேலையைச் செய்ய வேண்டும். பிறகு அந்த வேலையைப் பற்றி உரையாடுவோம். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே ஒழுங்கில். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஷ்மிட், ஹன்ரர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. ஒருவர் நன்றாக வேலை செய்வாரா என்பதை அறிய, எத்தனை வருட அனுபவம் என்று பார்ப்பதைவிட, வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் ஒழுங்குபடுத்திய நேர்முகத் தேர்வும் மிக நல்ல வழிகள்.

நாங்கள் கொடுக்கும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். இப்போது அதைப் பாவிப்பதில்லை, ஆகவே சொல்லலாம். யாழ்ப்பாணம் – கொழும்பு பஸ் ஒன்றுக்கு ஆசனம் பதிவதற்கான நிரலை எழுத வேண்டும். ஆசனங்களின் எண்ணிக்கை, கட்டணம், தரிப்பிடங்கள் எல்லாம் கொடுத்திருப்போம். சிறுவர்களுக்கு அரை ரிக்கற்றா, முழு ரிக்கற்றா என்பதை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருப்போம். மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். எதுவும் கேட்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.

பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் கேட்பதில்லை. தாங்களே ஒன்றை ஊகித்துக்கொண்டு எழுதிவிடுவார்கள். சிலர் அந்த இடத்தில் அப்படியே நின்றுபோய், நேரம் முடியும் வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சப் பேர் தலையை நிமிர்த்தி, “அக்கா, சின்னப் பிள்ளைகளுக்கு என்ன ரிக்கற் எண்டு இதிலை இல்லை. என்ன செய்யிறது?” என்று கேட்பார்கள். நிரல் முழுமையாக முடியாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு எங்களிடம் நல்ல புள்ளி உண்டு.

ஏன் என்றால், நிரல் எழுதப் பழக்கலாம். ஆங்கிலமும் பழக்கலாம். எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் வெளிநாட்டவர்கள். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நாளுக்கு நாள் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் ஆறு ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை வேலைக்குத் தேவையான அளவு ஆங்கிலம் பேசிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவ்வளவு விரைவில் வருவதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு, விசேடமாகப் பெண் பிள்ளைகளுக்கு, அது ஏன் கடினமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து, மாதிரி விடைகளை மனதில் பதித்து, இசட் புள்ளியின் தசமங்களை எண்ணி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது. அது தெரியாவிட்டால் புள்ளி போய்விடும். வகுப்பில் எழும்பிக் கேட்டால், கவனிக்காமல் இருந்தாயா என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்ற பயம். இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பரீட்சை அப்படி. ஆனால் வேலைத்தலம் பரீட்சை மண்டபம் அல்ல. அங்கே பக்கத்து மேசைக்காரியிடம் கேட்டு எழுதுவது களவு அல்ல. கேட்காமல் எழுதுவதுதான் ஆபத்து.

ஓர் உதாரணம். எங்களிடம் சேர்ந்து மூன்றாவது கிழமையில் ஒரு பிள்ளை, வாடிக்கையாளர் அனுப்பிய பட்டியலில் 03/04 என்று இருந்த திகதியைப் பார்த்துவிட்டு வந்து, “இது ஏப்ரல் மூண்டோ, மார்ச் நாலோ?” என்று கேட்டது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னுக்கு எழுதுவார்கள். நாங்கள் நாளை முன்னுக்கு எழுதுவோம். அறையில் இருந்த மூத்தவர்கள் எல்லோரும் நாள்தான் முன்னுக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளரிடம் கேட்டபோது மாதந்தான் முன்னுக்கு என்று பதில் வந்தது. அந்த ஒரு கேள்வி பல ஆயிரம் பற்றுச்சீட்டுகளைக் காப்பாற்றியது.

கேட்கும் பிள்ளையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. கேட்டால் ஏச்சு விழாத இடமாக அலுவலகம் இருக்க வேண்டும். ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க வைத்தியசாலைகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். பதிவேடுகளில் அந்தக் குழுக்களில்தான் தவறுகள் கூடுதலாக இருந்தன. பிறகுதான் காரணம் விளங்கியது: நல்ல குழுக்களில் தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள், மற்றவற்றில் மறைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் பிழைகளைக் குறிக்க ஒரு பதிவேடு உண்டு. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வோம் என்று எழுதுவோம். யார் செய்தது என்று எழுதுவதில்லை. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் திருத்தும்போது “நீர் இப்படிச் செய்திருக்கிறீர்” என்று சொல்லாமல் “இந்த வரி இப்படிச் செய்கிறது” என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன விடயந்தான், ஆனால் முதல் வருடத்தில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளின் தொகையை இது குறைக்கிறது.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் வரிசை. அந்த வருடத்தில் எங்கள் ஆட்களில் நான்கு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வீட்டு நிலைமை அப்படி. ஆனாலும் வேலை நிற்கவில்லை. ஒருவருடைய வேலை இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. நெடுகக் கேட்டும் சொல்லியும் வந்தபடியால் எதுவும் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கவில்லை.

தங்கைமாரே, நிறுவனம் உங்களைத் தெரிவுசெய்வதுபோல நீங்களும் நிறுவனத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். நேர்முகத் தேர்வின் முடிவில் “ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்று கேட்பார்கள். “இல்லை” என்று எழும்பி வராதீர்கள். எனக்கு யார் வேலை பழக்குவார்? கடைசியாக ஒரு பெரிய பிழை நடந்தபோது என்ன செய்தீர்கள்? ஆட்கள் வழக்கமாக எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள்? இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள்.

நியமனக் கடிதம் இல்லாமல் சேராதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. முதல் வருடம் கழிந்த பின் வருடாந்த லீவு 14 நாளும் அவசரத் தேவைகளுக்கான லீவு 7 நாளும் உண்டு. பிரசவ லீவு 84 வேலை நாட்கள். இவை 1954இல் இருந்து வரும் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் நிதிகளுக்கான சட்டங்களும் தந்த உரிமைகள். “நாங்கள் சின்ன இடம், குடும்பம் மாதிரி, கடிதம் எல்லாம் எதற்கு?” என்று ஒருவர் சொன்னால், அந்தக் குடும்பத்தில் நீங்கள் சேர வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சிறிய நிறுவனத்தில் சம்பளம் கொழும்பைவிடக் குறைவாக இருக்கலாம். அரசாங்க வேலையின் பென்சன் கிடையாது. நிறுவனம் ஒருநாள் மூடப்படவும் கூடும். இவற்றை எல்லாம் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். ஆனால் அரசாங்க நியமனம் வரும் வரை பிள்ளையை இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருத்திவைக்காதீர்கள். கணினித் துறையில் மூன்று வருடம் என்பது நீண்ட காலம். ஒரு பட்டம் அதற்குள் பழசாகிவிடும்.

கடைசியாக, வெளிநாடுகளில் இருக்கும் அக்காமாரிடமும் தோழியரிடமும் ஒரு வேண்டுகோள். சிலவேளை எனக்குத் தொலைபேசி வரும்: “எங்கட பள்ளிக்கூடப் பிள்ளை, பார்த்துச் செய்யும்.” அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தைக் கட்டாயம் வாசிப்பேன். ஆனால் பஸ் ரிக்கற் எல்லோருக்கும் ஒன்றுதான். நகரப் பாடசாலைப் பிள்ளைக்கு ஆள் இருக்கிறது; முல்லைத்தீவில் ஒரு சின்னப் பாடசாலையில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்காக எனக்கு யார் தொலைபேசி எடுப்பார்? அந்தப் பிள்ளைக்கும் நியாயம் செய்ய வேண்டும். நீங்கள் சிபாரிசு செய்வதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம், இணையவழியில் ஒரு மாதிரி நேர்முகத் தேர்வு வையுங்கள். ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருந்துகொண்டு ஆங்கிலத்தில் கேள்வி கேளுங்கள். பிள்ளை தடுமாறும், தடுமாறட்டும். “விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்” என்று பிள்ளை சொன்னால் அதற்காக ஒரு வார்த்தை பாராட்டுங்கள். எமது பாடசாலைப் பிள்ளைகளோடு அயற் பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கம் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தால், இங்குள்ள ஒழுங்குகளை நானும் என் அலுவலகத்தினரும் செய்து தருவோம். இன்று மண்டபத்தை விட்டுப் போகுமுன் செயலாளரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தங்கைமாரே, உரை முடிந்ததும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதற் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும்.