தூசு பாடிய பாட்டு

நடுவர் அவர்களே! பக்திக் கவிதை மனுஷனைச் சிறுமைப்படுத்துகிறது என்று எதிரணியில் அடித்துச் சொன்னார்கள். ஒரு நிமிஷம் திருவாசகத்துக்குள்ளே வாங்க.

திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களைக் கணக்குப் பார்க்கிறார். நூறு கோடிக்கும் மேலே போகிறது. அத்தனையும் இறைவன் முன்னால் எப்படித் தெரிகிறதாம்? வீட்டுக்குள்ளே சந்து வழியா வெயில் விழுமே, அதில் மிதக்கிற தூசு மாதிரி! (கைதட்டல்)

1990 பிப்ரவரி 14. வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்து பூமியைப் படம் பிடித்தது. படத்தில் ஓர் ஒளிக்கீற்று. அதற்குள்ளே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் நாம அத்தனை பேரும். நடுவர் உட்பட! (சிரிப்பு)

'அன்னைக்கே எங்க ஆளு சொல்லிட்டாரு' என்று மார்தட்ட நான் வரவில்லை. அது கவிஞரின் வியப்பு. இது கருவியின் சாட்சி. இரண்டும் வேறு. ஆனால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தத் தூசுக்குள்ளே உனக்கு ஏனப்பா இத்தனை வரப்புச் சண்டை?

பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, குதிரை வாங்கப் போன இடத்தில் பதவியையே மறந்தவர் அவர் என்கிறது மரபு. தூசுக்குத் தான் தூசு என்று தெரியுமா? மனுஷனுக்குத் தெரிந்தது, தெரிந்து பாடினான். அது சிறுமையா நடுவர் அவர்களே? அதுதானே பெருமை! (கைதட்டல்)